இருட்டில் வைத்த சாயம்

ஜனவரி 11

தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடிதத்தை ‘நலம்’ என்று தொடங்குவது முறை என்பதால் நலம் என்று எழுதிவைக்கிறேன். உண்மை அடுத்த வரியிலிருந்து.

உன் அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சுக்குழியில் நிற்கிறது என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவசர அவசரமாக விழுங்கினால் அப்படித்தான் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது தண்ணீர்கூட யோசித்துத்தான் இறங்குகிறது. உணவுக்குழாயில் கட்டி. வெட்டியெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டரம்மா.

வேறு ஒரு வழி சொல்கிறார். ஊசி மூலம் ஒரு சாயத்தை உடம்பில் ஏற்றுவார்களாம். இரண்டு நாள் கழித்துத் தொண்டை வழியாக வெளிச்சக் குழாயை இறக்கி, சாயம் ஊறிய கட்டியைக் கருக்குவார்களாம். சாயம், வெளிச்சம் என்ற இரண்டு வார்த்தையையும் ஒன்றாகக் கேட்டதும் உன் நினைப்பு வந்தது. நீ அங்கே ஆய்வுக்கூடத்தில் செய்வது இதுதானே? ஊருக்கெல்லாம் தெரியும், கூடப் பிறந்தவளுக்குத்தான் நீ சொன்னதில்லை.

விவரமாக எழுது. இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி டார்க் ரூமில் எக்ஸ்ரே படம் கழுவியவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றாலும், படப் பெட்டிமேல் அச்சடித்திருந்ததைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். அக்காவுக்கு எங்கே புரியப்போகிறது என்று சுருக்காதே. போனும் செய்யாதே. போனில் சொன்னதை மறுவாரமே ‘நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்’ என்பாய்.

வேளைக்குச் சாப்பிடு. சாப்பிட முடிகிறவர்கள் சாப்பிட வேண்டும்.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு வணக்கம்.

நான் சுகம். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தானைப் பற்றிப் படித்ததிலிருந்து வேலையில் கை ஓடவில்லை.

நீ கேட்டபடி விவரமாகவே எழுதுகிறேன். அந்தச் சாயம் இருட்டில் தூங்கும். குறிப்பிட்ட சிவப்பு வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள ஆக்சிஜனை விஷமாக்கும். தான் ஒட்டியிருக்கும் செல்லை அது கொன்றுவிடும். டாக்டரம்மா சொல்வது நம்பகமான வழிதான். ஆனால் நோய் தீராது, அக்கா. கட்டி கருகி வழிவிடும், அத்தான் சில மாதம் விழுங்குவார். அவ்வளவுதான் அதன் வேலை.

அதில் இரண்டு தொல்லை உண்டு. சாயத்துக்குத் தண்ணீர் ஆகாது. ரத்தத்தில் போனதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும்; ஒட்டியது வெளிச்சம் பட்டாலும் எழாது. அதனால் நிறைய ஏற்ற வேண்டும். ஏற்றியதெல்லாம் கட்டிக்கு மட்டும் போகாது, தோலுக்கும் கண்ணுக்கும் போகும். ஒரு மாதத்துக்கு மேல் வெயில் படக்கூடாது. பட்டால் வெந்துபோகும்.

எங்கள் வேலை அங்கேதான். கொழுப்பால் ஆன, கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழிக்குள் சாயத்தை உட்கார வைக்கிறோம். நானோ கேரியர் என்று பெயர். நீ பல்லக்கு என்று வைத்துக்கொள். கட்டியின் ரத்தக்குழாய்களில் ஓட்டை அதிகம். பல்லக்கு அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்த் தங்கும், நல்ல தோலில் இறங்காது. நோயாளி சில நாளிலேயே வெயிலில் நடக்கலாம். ஆனால் இதுவரை எலிகளுக்குத்தான் கொடுத்திருக்கிறோம்.

அத்தானுக்கு என் அன்பு. உன் முதுகுவலி எப்படி?

தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

எலிக்குப் பல்லக்கு, அத்தானுக்கு நடையா? கடிதத்தை மடிப்பதற்குள் எனக்குத் தோன்றியது இதுதான். உன் அத்தான் யார் என்று மறந்துவிட்டாயா? முப்பத்தைந்து வருடம் நில அளவைக்காரர். காலையில் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் பொழுது சாயும்வரை வெட்டவெளியில் நின்றவர். ஆபீசில் எல்லோரும் ‘வெயில்’ என்றுதானே கூப்பிட்டார்கள்? அந்த மனுஷனை ஒரு மாதம் அறைக்குள் வை என்கிறார்கள்.

டாக்டரம்மா சொன்னதை நான் அவரிடம் சொன்னேன்.  “இருக்கிறதே நாலஞ்சு மாசம். அதுல ஒண்ணை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டுறீங்களாக்கும்” என்றார்.  சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஆகவே அந்தக் குமிழியை அனுப்பு. எந்தக் காகிதத்தில் கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். எலிக்கு ஒத்துக்கொண்டது மனிதனுக்கு ஒத்துக்கொள்ளாதா? நீ பத்து வயதில் மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர். அப்போது அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

சீக்கிரம் பதில் எழுது. பதினெட்டு நாள் யோசித்து எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

உன் கோபம் நலமாக இருப்பது தெரிகிறது. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அனுப்ப முடியாது, அக்கா. சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. போன மாதம் நாங்கள் செய்த குமிழிகள் பாதி வழியிலேயே உடைந்து சாயத்தைக் கொட்டிவிட்டன. மீதி கல்லீரலில் போய்க் குவிந்தது. எலிகள் பிழைக்கவில்லை. அதை அத்தான் உடம்பில் ஏற்ற என் கை வராது. மண்ணெண்ணெயை நான் மறக்கவில்லை. அதனால்தான் முடியாது என்கிறேன்.

டாக்டரம்மா சொல்லும் பழைய சாயத்தையே ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனி. வெயில்தான் கூடாது, இருட்டு வேண்டாம். அறையில் சாதாரண மேசை விளக்கு ஒன்று எரியட்டும். அந்த மங்கல் வெளிச்சம் தோலில் உள்ள சாயத்தைச் சிறிது சிறிதாக வெளுக்க வைக்கும், வெயிலில் துணி வெளுப்பதுபோல. முழு இருட்டில் வைத்தால் சாயம் அப்படியே தங்கிவிடும்.

இப்போது என்னால் வர இயலாது. புதிய குமிழிகளின் சோதனை நடுவில் நிற்கிறது.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

நீ வரமாட்டாய் என்பது நீ எழுதும் முன்பே எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம்.

முடிந்தது. சாயம் ஏற்றி, வெளிச்சம் காட்டி, கருகியதைச் சுரண்டி எடுத்தார்கள். நாலு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஐந்தாம் நாள் அரைக் கிண்ணம் கஞ்சி நிற்காமல் இறங்கியது. கிண்ணத்தை என்னிடம் நீட்டி, “இன்னும் இருக்கா?” என்றார். எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அன்றுதான் ஓடிப்போய்ச் சட்டியையே தூக்கிவந்தேன். 

அறையை நானே தயார் செய்தேன். பழைய எக்ஸ்ரே படப் பெட்டிகளில் வரும் கறுப்புக் காகிதம் பரணில் ஒரு கட்டு கிடந்தது. ஜன்னல் முழுக்க இரண்டு மடிப்பாக ஒட்டினேன். கதவுக்குக் கம்பளித் திரை, கீழ் இடுக்குக்கு உருட்டிய துணி, சாவித் துவாரத்துக்குப் பஞ்சு. உள்ளே நின்று கண் பழகும்வரை காத்திருந்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியவில்லை. டார்க் ரூமுக்கு அதுதான் அளவு.

விளக்கு வைக்கவில்லை. இருட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. ஊசித்துளை வெளிச்சத்தால் கெட்டுப்போன படங்களைப் பார்த்தவள் நான். வெளிச்சத்துக்குப் பயப்படும் பொருளை இருட்டில் வைப்பதா, விளக்கடியில் வைப்பதா? ஆஸ்பத்திரியில் என்னை ‘இருட்டு அக்கா’ என்று கூப்பிட்டது சும்மாவா?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

நலம். நீங்கள் நலமா? முதலில் விளக்கைப் போடு.

கெஞ்சிக் கேட்கிறேன். அத்தான் உடம்பு எக்ஸ்ரே படம் இல்லை. படத்தை ஒருமுறை கழுவிவிட்டால் பிறகு அதற்கு வெளிச்சம் ஒன்றும் செய்யாது. இந்தச் சாயத்தைக் கழுவ மருந்து இல்லை. மெல்லிய வெளிச்சம் ஒன்றுதான் அதைக் கழுவும். நீ வேலை செய்த டார்க் ரூமிலேயே சிவப்பு விளக்கு எரியவில்லையா? ஒரே ஒரு விளக்கு. டாக்டரம்மாவையும் கேட்டுப் பார்.

அத்தானுக்கும் போன் செய்து சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

கோபம் இல்லை. என்னைத் தாண்டி அவருக்குப் போன் செய்தாய், செய்துகொள். நான் அடுக்களையில் இருந்தேன், என்ன பேசினீர்கள் என்று கேட்கவும் இல்லை.

டார்க் ரூமில் சிவப்பு விளக்கு இருந்தது. எக்ஸ்ரே படத்தின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. உங்கள் சாயத்தை எழுப்புவதே சிவப்பு வெளிச்சம்தான் என்று ஜனவரியில் நீ எழுதியிருக்கிறாய். எடுத்துப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். தூங்குகிறவனை எழுப்பிவிட்டு, ‘சத்தம் போடாமல் போய்விடு’ என்றால் போவானா? துணி வெளுக்கும் என்கிறாய். துணிக்கு வலிக்காது.

அவரிடம் கேட்டேன், விளக்கு வேண்டுமா என்று. “வேண்டாம், இப்படியே இருக்கட்டும்” என்றார். போதுமா?

உள்ளே நன்றாகத்தான் இருக்கிறார். தடவித் தடவி நடந்து அறையை அளந்துவிட்டார். “இந்த நிலத்துக்குச் சங்கிலி வேணாம்டி. முழங்கால் எங்க இடிக்குதோ அங்க எல்லைக்கல்” என்கிறார். சாப்பாட்டை நான் உள்ளேயே கொண்டுபோய் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். யார் தட்டில் யார் கை போகிறது என்பதே தெரிவதில்லை. சாப்பிட்டபின் பேசிக்கொண்டிருப்போம். அவர் அளந்த வயல்கள், எல்லைச் சண்டைகள், ஒரு விதவையின் வேலியை இரண்டு முழம் தள்ளி நட்டுக்கொடுத்த கதை. இதெல்லாம் எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னாராம். நான் உலை கொதிக்கிறது என்று எழுந்து போனேனாம்.

நேற்று அப்படியே பேசிக்கொண்டே அவர் கால்மாட்டில் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பகலா இரவா என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்த பால் கரியாகியிருந்தது.

உன் எலிகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன்.

நீ உள்ளேயே இரு. அவருடன் இரு. பால் கரிந்தால் கரியட்டும்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி


மே 4

தம்பிக்கு,

நலம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பிறந்த குழந்தை மாதிரி வந்தார். வாசலில் நாற்காலி போட்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தார். “வெயில் நல்லா இருக்குடி. நீயும் வா, உக்காரு” என்றார். ஜன்னல் காகிதத்தைக் கிழித்ததும் அறையின் அழுக்கு என் கண்ணில் பட்டது. ஒரு மாதத்துத் தூசி, போர்வையெல்லாம் கஞ்சிக் கறை. இதோ வந்துவிடுகிறேன் என்று அள்ளிக்கொண்டு போனேன்.

துவைத்துப் பிழிந்து வந்து பார்த்தபோது முகம் செங்கல் நிறம். எரிகிறதா என்றால் இல்லை என்கிறார். மத்தியானத்துக்குள் இமைகள் மூடிக்கொண்டன. கையிலும் நெஞ்சிலும் கொப்புளம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். இனி இன்னும் பல வாரம் வெயில் கூடாதாம்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னால்கூட நான் திறக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தேன். தப்பு உங்கள் சாயத்தில் இருக்கிறது. நன்றாக இருக்கிறவனை வேக வைக்கும் சாயத்தைக் கண்டுபிடித்துவிட்டு, விளக்கைப் போடு, திரையைப் போடு என்று வீட்டில் இருப்பவள்மேல் பாரத்தைப் போடுகிறீர்கள். இதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன்.

அத்தான் காரியத்துக்கு வந்தாய். மூலையில் நின்றாய், நாலாம் நாள் போய்விட்டாய். வீடு நிறைய ஆட்கள், பேச முடியவில்லை. இப்போது வீட்டில் யாரும் இல்லை.

கொப்புளம் ஆறியது. அதற்குள் கட்டி மறுபடி மூடிக்கொண்டது. கடைசி வாரங்களில் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரில் விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுகூட நிழல் பக்கத்தில் கட்டிலைப் போட்டுத்தான். வெயிலில் அவர் உட்கார்ந்தது அந்த ஒரு காலைதான்.

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். பிப்ரவரியில் விளக்கு என்றாய். மார்ச்சில் கெஞ்சினாய். அத்தானிடம் போனில் பேசினாய். அதற்குப் பிறகு எழுதியதில் விளக்கு என்ற வார்த்தையே இல்லை. மே மாதம் நான் அவ்வளவு எழுதியதற்கு, ஒரு களிம்பின் பெயரை மட்டும் அனுப்பினாய். அவ்வளவு கத்தியவன் ஏன் நிறுத்தினாய்? விளக்கு எரிந்திருந்தால் அவருக்குச் சுட்டிருக்காதா? இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும். என்னைத் தேற்றுவதற்காக எதையாவது எழுதினால் கிழித்துப்போடுவேன்.

அக்கா


செப்டம்பர் 22

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை.

இரண்டாவது கேள்விக்கு முதலில். விளக்கு எரிந்திருந்தால் சுட்டது குறைந்திருக்கும். சுட்டே இருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. சிலருக்கு விளக்கு இருந்தும் சாயம் நீடிக்கும். ஆனால் குறைந்திருக்கும்.

முதல் கேள்விக்கு, அத்தான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். போனை எடுத்ததும் குரலைத் தாழ்த்தி, “மாப்ள, விளக்கு விஷயம்தானே? டாக்டரம்மா என்கிட்டயும் சொன்னாங்க. எனக்குத் தெரியும்” என்றார். தெரிந்தால் போடச் சொல்லுங்கள் என்றேன்.

“போட்டா உங்க அக்கா எந்திரிச்சுப் போயிடுவா.”

எனக்குப் புரியவில்லை.

“வெளிச்சம் இருந்தா அவளுக்கு வேலை கண்ணுல படும்ப்பா. தூசி, துணி, ஒட்டடை. இருட்டுல ஒண்ணும் தெரியலை, உக்கார்ந்திருக்கா. நான் பேசுறதைக் கேக்குறா. கையைக்கூடப் புடிச்சுக்கிறா. எத்தனை வருஷத்துக்கப்புறம்னு நினைக்கிறே? நீ பாட்டுக்கு விளக்கு கிளக்குன்னு எழுதிக் கெடுத்துடாதே.”

தோல் வெந்துபோகும் அத்தான் என்றேன். “வேகட்டுமே, வெயில்ல வெந்த தோல்தானே” என்றார். வெளியே போகும் முன் ஒரு கையை மட்டும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி, சிவக்கவில்லை என்றால் மறுநாள் போங்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.  அந்தச் சத்தியத்தை நம்பித்தான் எழுதுவதை நிறுத்தினேன். கதவு திறந்த காலையில் அவர் கையைக் காட்டிப் பார்க்கவில்லை. நேரே போய் உட்கார்ந்துவிட்டார்.

புதிய குமிழிகள் இப்போது வழியில் உடைவதில்லை. கல்லீரலிலும் குவிவதில்லை. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று எழுதியதால் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவ ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு பாத்திரம் விழும்? கழுவிக் கவிழ்த்ததையே எடுத்துக் கழுவினேன்.

சாயத்தைப் பற்றி நீ சொல்வதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இருட்டு அதைக் காப்பாற்றும் என்றேன், காப்பாற்றியது. இருட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

குமிழி உடையவில்லை என்பதற்கு ஏன் வெட்கப்படுகிறாய்? எவளோ ஒருத்தி வீட்டில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு மறுவாரமே வெயிலில் நடப்பார். நடக்கட்டும். எனக்குப் பொறாமையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு என்ன? நீ செய்.

நீ சத்தியம் வாங்கினாயாம். அவருடைய சத்தியத்தை நம்பிய ஒரே ஆள் நீதான்.

அவர்மேல்தான் எனக்குத் தீராத கோபம். உன்னிடம் சொன்னவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரே கட்டிலில், கையைப் பிடித்துக்கொண்டு, பகலும் இரவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ‘விளக்கைப் போட்டுட்டும் உக்காரேன்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து நொடி ஆகியிருக்காது. கேட்டிருந்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேனா?

நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா